சத்தம் பறிக்கப்பட்ட மேடைகளில் ரேஜ் அகெயின்ஸ்ட் தி மெஷின்

ரேஜ் அகெயின்ஸ்ட் தி மெஷின் என்ற அமெரிக்க ராப்-ராக் குழுவின் மேடை என்றாலே எல்லோரும் துள்ளிக் குதிக்கும் கூட்டத்தைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பாடாமல் நின்ற நாளிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். 1993 ஜூலை 18, பிலடெல்பியா, லோலாபலூசா இசை விழா. நான்கு பேரும் ஆடையில்லாமல் வந்து, வாயில் டேப்பை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மார்பில் ஆளுக்கோர் எழுத்து: பி, எம், ஆர், சி. இசைத்தட்டுகளில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டவைத்த அமெரிக்கப் பெற்றோர் அமைப்பின் சுருக்கப் பெயர் அது. ஏறக்குறைய 15 நிமிடம் ஒரு சொல்கூட இல்லை, கித்தார்களின் ஃபீட்பேக் எனும் ஊளை ஒலி மட்டும். முதலில் ஆரவாரம் செய்த கூட்டம் போகப்போகக் கோபப்பட்டது. ஏமாந்த ரசிகர்களுக்காகப் பின்னால் ஒரு நிகழ்ச்சியை இலவசமாகவே வாசித்துக் கொடுத்தார்கள். தணிக்கை என்றால் என்னவென்று காது வழியாகவே புரியவைத்த கால் மணி நேரம் அது.

*

மேலே சொன்னதோடு மூன்று தேதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1996 ஏப்ரல் 13, ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி. அன்றைக்கு நிகழ்ச்சியை நடத்தியவர் கோடீஸ்வரர் ஸ்டீவ் ஃபோர்ப்ஸ். கித்தார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்களின் மேல் அமெரிக்கக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அந்த நாட்டு வழக்கப்படி அது ஆபத்துக்கான அடையாளம். ஒளிபரப்புக்குச் சற்று முன் ஊழியர்கள் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். முதல் பாட்டோடு சரி, இரண்டாவது பாட்டு ரத்து.

2000 ஆகஸ்ட் 14, லாஸ் ஏஞ்சலஸ். ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்த அரங்குக்கு வெளியே, போராட்டக்காரர்களுக்காக வாசித்தார்கள். அவர்களுக்கு அடுத்து ஓசோமாட்லி என்ற குழு வாசித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் மின்சாரத்தை நிறுத்திக் கூட்டத்தைக் கலைத்தது. மிளகு ஸ்பிரேயும் ரப்பர் குண்டும் பாய்ந்தன.

2008 செப்டம்பர் 2, செயின்ட் பால். குடியரசுக் கட்சி மாநாட்டு வாரம். மேடையேற அனுமதி மறுக்கப்பட்டதும் பாடகர் ஸாக் டி லா ரோச்சாவும் கித்தார் வாசிக்கும் டாம் மோரெல்லோவும் கூட்டத்துக்குள் இறங்கி, மெகாபோனிலேயே இரண்டு பாட்டுகளைப் பாடி முடித்தார்கள். மெகாபோனின் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி நிற்காது, நடுத்தொனி மட்டுமே வெளியே வரும். ஆனாலும் பாட்டு தாக்குப்பிடித்தது. இவர்களுடைய ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கித்தார் துணுக்குகள், வாயால் முணுமுணுக்கும் அளவுக்கு எளிமையானவை. ராப் வரிகளிலோ தாளம் உள்ளேயே இருக்கிறது.

*

கித்தார் பக்கம் வருவோம். 1992-ல் வந்த முதல் ஆல்பத்தின் உறையிலேயே சாம்பிள் (வேறு பதிவிலிருந்து எடுத்த ஒலி), கீபோர்டு, சிந்தசைஸர் எதுவும் பயன்படுத்தவில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். டிஜே இசைத்தட்டைத் தேய்ப்பது போன்ற ஒலியும் கித்தார்தான்.

செய்முறை இது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதிக்குப் பிக்கப் என்று பெயர்; இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் உள்ள கித்தார் வேண்டும். ஒன்றைப் பூஜ்யத்தில் வையுங்கள், மற்றதை முழுசாகத் திறந்துவிடுங்கள். பிக்கப் மாற்றும் சுவிட்சை இங்கும் அங்கும் தட்டினால் ஒலி வெட்டி வெட்டி வரும். ஒரு கை கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும், மறு கை சுவிட்சில் இருக்க வேண்டும், கால் ஒலியின் நிறத்தை மாற்றும் வா பெடலில்.

சொதப்பும் இடங்களும் இருக்கின்றன. இரண்டு பிக்கப்புக்கும் ஒரே வால்யூம் என்றால் இந்த வித்தை நடக்கவே நடக்காது. ஒலியை வெட்டும் பொத்தான் ஒன்றைத் தனியாகப் பொருத்த வேண்டியதுதான். வால்யூம் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றாலும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் அந்தக் கசிவு பெரிதாகக் கேட்கும். தேய்க்கும் கை தட்டையாகப் படியாவிட்டால் வெறும் கம்பிகள் ஒலித்து எல்லாம் கெடும். எதிரொலி தரும் டிலே பெடல் போட்டபடி இருந்தால் வெட்டு மழுங்கிவிடும். இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் கருவியை இறுக்கி வைத்தால் மெல்லிய தேய்ப்பொலியை அது விழுங்கிவிடும்.

சுருதியைக் காலால் ஏற்றி இறக்கும் வாம்மி பெடலில் ஒரு நேரத்தில் ஒரு கம்பிதான். பழைய மாடலில் இரண்டு சுரம் சேர்ந்தால் பெடல் குழம்பி ஒலி தடுமாறும். ‘கில்லிங் இன் தி நேம்’ பாட்டுக்கு அடிக் கம்பியின் சுருதியை ‘டி’ சுரம் வரை இறக்க வேண்டும். இறக்கிய கம்பி தளர்ந்திருக்கும், ஓங்கி அடித்தால் சுருதி மேலே ஏறும். கொஞ்சம் தடித்த கம்பி போட்டால் அடங்கும்.

டாமின் ஆம்ப் 50 வாட் மார்ஷல். ஒருமுறை ஒலியை அமைத்துவிட்டு அதையே வருடக்கணக்காக வைத்துக்கொண்டார். மேலே சொன்ன விநோத ஒலிகள் எல்லாம் கையிலும் காலிலும் பிறந்தவை.

*

2009 கிறிஸ்துமஸ் வாரத்தை விட்டுவிடக் கூடாது. தொலைக்காட்சிப் போட்டியின் வெற்றிப் பாட்டே வருடா வருடம் பிரிட்டனில் முதலிடம் பிடிப்பதை எதிர்த்து, ரசிகர்கள் 17 வருடம் பழைய ‘கில்லிங் இன் தி நேம்’ பாட்டை டவுன்லோட் செய்தே முதலிடத்துக்கு ஏற்றினார்கள். ஒரே வாரத்தில் 5 லட்சத்துக்கு மேல் விற்றது. சொன்ன வாக்குப்படி 2010 ஜூன் 6 அன்று லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் குழு இலவசமாக வாசித்தது.

*

2022 பயணத்தின் பதிவுகளைப் பார்ப்பவர்கள் ஸாக்கின் காலைக் கவனியுங்கள். ஜூலை 11, சிகாகோ, அந்தப் பயணத்தின் இரண்டாவது நிகழ்ச்சி. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இடது குதிகால் தசைநாண் கிழிந்தது; 8 சதவீதமே மிஞ்சியதாகப் பின்னால் அவரே எழுதினார். அன்றைக்கு உட்கார்ந்தபடியே பாடி முடித்தார். அதன்பின் ஒவ்வோர் ஊரிலும் மேடை நடுவே ஒரு பெட்டி போட்டு அதில் உட்கார்ந்து பாடினார், ஆகஸ்ட் 14 மேடிசன் ஸ்குவேர் கார்டன் வரை. ஓடித் திரிந்து பாடுபவருக்கு மூச்சு வரிக்கு நடுவே அறுபடும். உட்கார்ந்து பாடும்போது வரிக் கடைசிகள் தெளிவாக விழுகின்றன. இடுப்புக்கு மேலே மொத்த உடம்பும் தாளத்தில் ஆடுகிறது, கட்டுப்போட்ட கால் மட்டும் அசையாமல் நீட்டியிருக்கிறது.