டெட்ராய்ட் லயன்ஸின் 29-ஆவது தேர்வு: கார்னர்பேக்கா, எட்ஜ் ரஷரா?

(அமெரிக்கக் கால்பந்து அணியான லயன்ஸின் ரசிகர்கள், 2024 ஏப்ரலில் டிராஃப்டுக்கு முன் நடத்திய விவாதம்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர். கார்னர்பேக்: எதிரணியின் பந்து பிடிப்பாளர்களைக் காவல் காப்பவர். எட்ஜ் ரஷர்: தற்காப்பு வரிசையின் விளிம்பிலிருந்து, பந்தை வீசும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்.)

ஏரிக்கரையான்

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2024 டிராஃப்ட் ஏப்ரல் 25 அன்று டெட்ராய்ட் நகரிலேயே தொடங்கவிருக்கிறது. முதல் பத்து இடங்களுக்குள் தேர்வு செய்தே பழகிப்போன லயன்ஸ் ரசிகர்களுக்கு, 29-ஆவது இடம் வரை காத்திருப்பது புதிய அனுபவம். வருந்த வேண்டிய அனுபவமும் அல்ல. பன்னிரண்டு வெற்றிகளோடு 1993-க்குப் பிறகு முதல் முறையாகப் பிரிவுப் பட்டத்தை வென்று, சூப்பர் பௌலுக்கு முந்தைய கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தின் இடைவேளையில் 24-7 என்று முன்னிலை பெற்றிருந்தும், சான் பிரான்சிஸ்கோவிடம் 34-31 என்ற கணக்கில் தோற்ற அணி இது. ஆகவே, எஞ்சியிருக்கும் குறை எது என்பதில் குழப்பத்திற்கு இடமில்லை என்றே நான் கருதுகிறேன்.

பந்தைச் சுமந்து ஓடுபவர்களைத் தடுப்பதில் நம் தற்காப்பு லீகிலேயே இரண்டாம் இடத்தில் இருந்தது. பாஸ்களைத் தடுப்பதிலோ 27-ஆம் இடம். ஓடிப் பயனில்லை என்று தெரிந்த எதிரணிகள் வீசத் தொடங்கின. மினசோட்டாவின் மாற்று குவாட்டர்பேக்கான நிக் மல்லன்ஸ், மூன்று வாரங்களுக்குள் நம்மைச் சந்தித்த இரண்டு ஆட்டங்களில் முறையே 411, 396 யார்டுகள் வீசினார். பிளேஆஃபில் ராம்ஸ் அணியின் அறிமுக வீரர் புகா நகுவா ஒருவரே 181 யார்டுகள் எடுத்தார். கடைசி ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவின் பிராண்டன் ஐயுக் பிடித்த 51 யார்டு பந்து நம் கார்னர்பேக் கிண்டில் வில்டோரின் முகக்கவசத்தில் பட்டுத் தெறித்ததைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சீசனின் கடைசி வாரங்களில்தான் தொடக்க வரிசைக்கு வந்த ஒருவரை அந்த இடத்தில் நிறுத்த வேண்டிய நிலை துரதிர்ஷ்டத்தால் வந்தது அல்ல.

அதன் பிறகு கார்னர்பேக் கேமரன் சட்டன் மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். ஜெர்ரி ஜேக்கப்ஸும் தக்கவைக்கப்படவில்லை. டேம்பா பேயிடமிருந்து வாங்கிய கார்ல்டன் டேவிஸின் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. அமிக் ராபர்ட்சன் குள்ளமானவர். உள்பக்கத்தில் ஸ்லாட் காவலுக்கே பொருந்துவார். இமானுவேல் மோஸ்லிக்கு அடுத்தடுத்த இரண்டு சீசன்களில் இரு முழங்கால்களிலும் தசைநார் கிழிந்திருக்கிறது. வெளிப்புறக் காவலில் நம்பத்தக்க ஒரே ஆள் டேவிஸ், அதுவும் ஒரே ஆண்டுக்கு. 29-ஆவது தேர்வில் கார்னர்பேக்கைத் தவிர வேறொருவரை எடுப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

நாலாவது முயற்சி

நண்பர் ஏரிக்கரையான் தந்த எண்கள் எல்லாம் சரியானவை. அவற்றிலிருந்து அவர் சென்றடைந்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. 411 யார்டுகளை வீசுவதற்கு மல்லன்ஸுக்கு நேரம் கொடுத்தது யார்? உலகின் சிறந்த கார்னர்பேக்கே ஆனாலும், மினசோட்டாவின் பந்து பிடிப்பாளர் ஜஸ்டின் ஜெஃபர்சனை மூன்று நொடிக்கு மேல் ஒட்டிக்கொண்டு ஓட முடியாது. குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தும் சாக்குகள் நமக்கு மொத்தம் 41 கிடைத்தன. அவற்றில் எட்ஜ் ரஷர் ஏடன் ஹச்சின்சன் மட்டும் 11.5. அவருக்கு அடுத்து வந்த அலீம் மெக்னீல் எடுத்தவை 5. அவரோ வரிசையின் நடுவில் ஆடுபவர். அதாவது ஹச்சின்சனுக்கு எதிர்ப்பக்க விளிம்பிலிருந்து குவாட்டர்பேக்கை அச்சுறுத்த ஒருவரும் இல்லை. ஒரு கை தட்டி ஓசை எழாது.

சான் பிரான்சிஸ்கோ ஆட்டத்தின் இரண்டாம் பாதியை மறுபடி பாருங்கள். அனைவரும் ஐயுக்கின் பந்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆட்டத்தை நம் கையிலிருந்து பறித்தது அவர்களுடைய குவாட்டர்பேக் பிராக் பர்டியின் கால்கள். அவர் அன்று ஓடியே 48 யார்டுகள் எடுத்தார். ஹச்சின்சன் ஒரு பக்கம் நெருக்க, பர்டி மறுபக்கம் திறந்துகிடந்த வழியாக நிதானமாக வெளியேறினார். அந்த வழியை எந்தக் கார்னர்பேக் வந்து அடைப்பார்?

இப்போது அந்த எதிர்ப்பக்கத்திற்கு யாரை வைத்திருக்கிறோம்? ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த மார்கஸ் டேவன்போர்ட் சென்ற சீசனில் ஆடியது நான்கே ஆட்டங்கள். 2022-இல் ஏழு ஆட்டங்களில் 8 சாக்குகள் எடுத்து நம்மை மகிழ்வித்த ஜேம்ஸ் ஹூஸ்டன், அடுத்த ஆண்டின் இரண்டாவது வாரத்திலேயே கணுக்கால் முறிந்து ஒதுங்கினார். ஜாஷ் பாஸ்கல் ஓட்டத்தை நன்றாகத் தடுப்பார். குவாட்டர்பேக்கை எட்டிப்பிடிப்பது அவருடைய பலம் அல்ல. டேவிஸ் ஓராண்டுக்கான ஆள் என்பது குறையென்றால், டேவன்போர்ட்டும் ஓராண்டுக்கான ஆள்தான். கூடுதலாக, எத்தனை வாரங்கள் களத்தில் நிற்பார் என்பதும் தெரியாது.

கார்னர்பேக்கை முதல் சுற்றில் எடுப்பவர்கள் ஜெஃப் ஒகூடாவை நினைத்துக்கொள்ள வேண்டும். 2020-இல் மூன்றாவது தேர்வாக வந்தவரை, மூன்றே ஆண்டுகளில் ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்காக அட்லாண்டாவிடம் கொடுத்தோம்.

ஏரிக்கரையான்

ஒகூடாவின் பெயர் எப்படியும் வரும் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு அகில்லீஸ் தசைநார் கிழிந்ததையும், அவரை எடுத்தது முந்தைய நிர்வாகம் என்பதையும் தாங்கள் சொல்லாமல் விட்டது வசதியாகவே இருக்கிறது. 2013-இல் 36-ஆவது தேர்வாக வந்த டேரியஸ் ஸ்லே எவ்வளவு காலம் நம் ஒரு பக்கத்தை மூடி வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 2020 மார்ச்சில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த மாதமே அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒகூடாவைத் தேடினோம். முதல் சுற்றில் கார்னர்பேக்கை எடுத்ததைவிட, கையிலிருந்தவரை இழந்ததே பெரிய தவறு.

அடுத்தது திட்டம் பற்றியது. தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் ஏரன் கிளென் தாமே கார்னர்பேக்காக ஆடியவர்; ஆளுக்கு ஆள் நின்று காவல் காப்பதை விரும்புகிறவர். அதற்கேற்ற வீரர்கள் இல்லாதபோது கார்னர்பேக்குகள் பின்வாங்கி நிற்க நேர்கிறது. உடனே குவாட்டர்பேக் இரண்டாவது நொடியிலேயே குறுகிய பாஸை வீசிவிடுகிறார். அப்போது எதிர்ப்பக்கத்தில் யார் நின்றாலும் சாக் கிடைக்காது. தாங்கள் காவலுக்கு முன் நெருக்கடி வேண்டும் என்கிறீர்கள். நெருக்கடி போய்ச் சேர்வதற்கே முதல் இரண்டு நொடிக் காவல் வேண்டும் என்பது என் வாதம்.

மேலும், 29-இல் தங்களுக்குக் கிடைக்கக்கூடிய எட்ஜ் ரஷர் யார்? ஜேரட் வெர்ஸும் லையாட்டு லாட்டுவும் அதற்கு முன்பே போய்விடுவார்கள். பென் ஸ்டேட்டின் சாப் ராபின்சன் மின்னல் வேகக்காரர்தான். ஆனால் கடைசிக் கல்லூரி ஆண்டில் அவர் எடுத்தவை நான்கே சாக்குகள்.

வடசுவர்

இந்த ஆட்டத்தைப் பின்தொடரத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை என்பதால் கேட்கிறேன்: ஸ்லாட் காவலில் பிரையன் பிராஞ்ச் நன்றாக ஆடினாரே, அவரையே வெளிப்புறக் கார்னர்பேக்காக மாற்றினால் என்ன? முதல் சுற்றில் கார்னர்பேக், எட்ஜ் ரஷர் இருவரில் ஒருவரையும், நம்முடைய அடுத்த தேர்வுகளான 61 அல்லது 73-இல் மற்றவரையும் எடுத்துவிட்டால் இந்த விவாதமே தேவைப்படாது அல்லவா?

பழைய பொன்டியாக்

வடசுவர் அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிராஞ்சின் பலம் நெருக்கத்தில் இருக்கிறது: ஆட்டத்தைப் படிப்பது, குறுகிய பாஸ்களின் குறுக்கே பாய்வது, ஓடிவருபவரை வீழ்த்துவது. அவரை ஓரக்கோட்டை ஒட்டி நாற்பது யார்டு வேகப் போட்டிக்கு அனுப்பினால் அவ்வளவும் வீணாகும். சி.ஜே. கார்ட்னர்-ஜான்சன் போய்விட்ட நிலையில், பிராஞ்ச் பின்வரிசையின் கடைசிக் காவலான சேஃப்டி இடத்திற்கு நகர்வதே பொருத்தம். ஸ்லாட் காவலை ராபர்ட்சன் பார்த்துக்கொள்ளலாம். கெர்பி ஜோசப்பும், சீசன் முடிவில் மலர்ந்த இஃபியாட்டு மெலிஃபோன்வுவும் உடன் இருப்பதால் பின்வரிசையின் நடுப்பகுதியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

விவாதிக்கும் இருவருக்கும் ஒரு நினைவூட்டல். சென்ற ஆண்டும் இதே ஏப்ரலில் இதே போல எல்லோரும் கார்னர்பேக் வேண்டும் என்றோம். பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ் என்ன செய்தார்? ஆறாவது இடத்திலிருந்து 12-க்கு இறங்கி ரன்னிங்பேக் ஜமீர் கிப்ஸை எடுத்தார். 18-இல் லைன்பேக்கர் ஜாக் கேம்ப்பெல்லை எடுத்தார். நாடே சிரித்தது. பிறகு 34-இல் சாம் லபோர்ட்டா, 45-இல் பிராஞ்ச். சிரித்தவர்களை ஜனவரியில் காணவில்லை. ஹோம்ஸ் தேவைப் பட்டியலை வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் அல்லர். தேவைகளை மார்ச்சிலேயே டேவிஸ், ரீடர், டேவன்போர்ட், ராபர்ட்சன் என்று அவசரத்திற்கு நிரப்பிவிட்டு, ஏப்ரலில் தமக்குப் பிடித்த வீரரை எடுப்பதே அவருடைய வழக்கம்.

அப்படிப் பார்த்தால், தாங்கள் இருவருமே தொடாத இடம் ஒன்று உண்டு. தற்காப்பு வரிசையின் நடுவில் ஆடும் டி.ஜே. ரீடருக்கு டிசம்பரில் தொடைத் தசைநார் கிழிந்தது. ஜூலையில் முப்பது வயதாகிறது. மெக்னீலின் ஒப்பந்தமும் இந்த சீசனோடு முடிகிறது. நம்மை லீகில் இரண்டாம் இடத்திற்கு உயர்த்திய ஓட்டத் தடுப்பு, அடுத்த ஆண்டு இந்நேரம் வெறுமையாக இருக்கக்கூடும். அதே இடத்தில் ஆடும் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெர்ஸான் நியூட்டன் 29-இல் எஞ்சியிருந்தால் நான் தயங்க மாட்டேன்.

நாலாவது முயற்சி

நடுவரிசையை அடுத்த ஆண்டுக் கவலையாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். மெக்னீலோடு ஒப்பந்தத்தை நீட்டிக்க நிர்வாகத்திற்கு இன்னும் நேரம் இருக்கிறது. வடசுவர் கேட்ட கேள்விதான் உண்மையான முடிச்சு. நம்மிடம் முதல் நூறு இடங்களுக்குள் இருப்பவை 29, 61, 73 ஆகிய மூன்றே தேர்வுகள். டேவிஸுக்காக நம்முடைய சொந்த மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்துவிட்டோம். 73-க்குப் பிறகு 164 வரை வெறும் பாலைவனம். எனவே மூன்றில் எது எதற்கு என்ற வரிசை மிக முக்கியம்.

இந்த ஆண்டு 29-ஐ ஒட்டிய கார்னர்பேக்குகளைப் பாருங்கள். கிளெம்சனின் நேட் விக்கின்ஸ் நாற்பது யார்டுகளை 4.28 நொடிகளில் ஓடினார். எடையோ 173 பவுண்டுதான். அயோவாவின் கூப்பர் டிஜீனுக்கு நவம்பரில் கால் முறிந்தது. அலபாமாவின் கூல்-எய்ட் மெக்கின்ஸ்ட்ரிக்குப் பாதத்தில் எலும்பு முறிவு இருப்பது, வீரர்களைச் சோதிக்கும் கம்பைன் முகாமில்தான் தெரியவந்தது. ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்விக்குறி இருக்கும்போது, ஏறத்தாழ அதே தரத்தில் ஒருவர் 61-லும் கிடைப்பார். எட்ஜ் ரஷர்களின் நிலைமை அப்படி அல்ல. முதல் சுற்றைத் தாண்டினால் தரம் செங்குத்தாக இறங்குகிறது. மிசூரியின் டேரியஸ் ராபின்சன் கடைசி ஆண்டில் 8.5 சாக்குகள் எடுத்தவர். எதிரணி பெரும்பாலும் பந்தை வீசும் மூன்றாவது முயற்சியில் உள்ளே நகர்ந்து மெக்னீலின் அருகிலும் ஆடக்கூடியவர். அவரை எடுத்தால் பழைய பொன்டியாக் அவர்களின் கவலையும் பாதி குறையும்.

ஏரிக்கரையான்

29-இல் எஞ்சும் கார்னர்பேக்குகளைப் பற்றித் தாங்கள் சொன்னதை ஏற்கிறேன். அதனால்தான் 29-இல் காத்திருக்கவே கூடாது என்கிறேன். இந்த வகுப்பில் கேள்விக்குறி குறைந்தவர்கள் இருவர்: டொலிடோவின் குவின்யான் மிட்செல், சென்ற ஆண்டு ஐந்து இடைமறிப்புகள் எடுத்த அலபாமாவின் டெரியன் ஆர்னால்டு. ஒவ்வொரு தேர்வு இடத்துக்கும் ஒரு மதிப்பு தந்து, அணிகள் இன்றும் புரட்டிப் பார்க்கும் முன்னாள் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பழைய மதிப்பெண் அட்டவணைப்படி 29-க்கு 640, 73-க்கு 225. இரண்டும் சேர்ந்தால் 865. இருபதாவது இடத்தின் மதிப்பே 850 தான்; இரண்டையும் கொடுத்து அந்த இடத்திற்கு ஏறலாம். 2022-இல் பந்து பிடிப்பாளர் ஜேமிசன் வில்லியம்ஸுக்காக 32-இலிருந்து 12-க்குத் தாவிய ஹோம்ஸுக்கு இது பெரிய தாவல் அல்ல.

நாலாவது முயற்சி

கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் 73 காணாமல் போகிறது. எட்ஜ் ரஷருக்கு 61 மட்டுமே மிஞ்சுகிறது. டேவன்போர்ட் மூன்றாவது வாரத்தில் காயமடைந்தால் ஹச்சின்சன் மீண்டும் இருவர் சேர்ந்து தடுக்கும் இரட்டைத் தடுப்போடு தனியே போராட வேண்டியிருக்கும். அந்த அபாயத்தை ஏற்றுத்தான் மேலே ஏறச் சொல்கிறீர்களா?

ஏரிக்கரையான்

ஆம், ஏற்றுத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த இருவருக்காக மட்டும். நடுவில் காயமடைந்த எட்ஜ் ரஷருக்கு மாற்றாக, அக்டோபரில் ஓர் அனுபவசாலியை வேறோர் அணியிடமிருந்து பேசி வாங்கலாம். ஜெஃபர்சனையும், சிகாகோ இந்த மார்ச்சில் வாங்கிய பந்து பிடிப்பாளர் கீனன் ஆலனையும் ஆண்டுக்கு இருமுறை எதிர்கொள்ளத் தகுந்த கார்னர்பேக்கை எந்த அணியும் அக்டோபரில் விற்காது. மிட்செலும் ஆர்னால்டும் இருபதாவது இடத்திற்குள் போய்விட்டால், விக்கின்ஸுக்காக நான் ஒரு தேர்வையும் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். அந்த நிலையில் 29-இல் தங்கள் டேரியஸ் ராபின்சனின் பெயர் அறிவிக்கப்பட்டாலும் எதிர்ப்புத் தெரிவிக்க மாட்டேன்.