சிங்கப்பூரிலிருந்து லெகோலேண்டுக்குக் குழந்தைகளுடன் ஒரே நாளில் சென்று திரும்பலாமா?

மே மாத விடுமுறையில் ஐந்து வயது மகளையும் இரண்டரை வயது மகனையும் அழைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து முதன்முறையாக ஐந்து நாள் பயணமாகச் சிங்கப்பூர் செல்லவிருக்கிறோம். விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது, ஒரு நாள் திட்டம் மட்டும் முடிவாகவில்லை.

செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸில் நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை என்பது மகனுக்கு வசதிதான். ஆனால் மகளைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் கோடிட்டு அளந்தபோது 99 சென்டிமீட்டரே இருந்தாள். அங்கே அவள் ஆசைப்படும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கோ குறைந்தது 102 வேண்டும். சிறுவர்களுக்கென்றே அமைந்த, மலேசியாவின் ஜொகூரில் உள்ள லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்காவை அதனால்தான் சேர்க்க நினைக்கிறோம்.

இரண்டு பயண முகவர்களிடம் விசாரித்தோம். இருவரும் பெரியவர்களுக்கான வேகத்திலேயே திட்டம் கொடுத்தார்கள். ஒத்திகையாக வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் சென்றோம். பகல் ஒரு மணிக்கெல்லாம் மகன் தோளில் தூங்கிவிட்டான், மகள் நடக்க மறுத்து நிழலில் உட்கார்ந்துவிட்டாள். எல்லையில் இரு நாட்டுக் குடிவரவுச் சோதனைகளையும் போகும்போதும் வரும்போதும் கடக்க வேண்டும் என்பதே எங்கள் பெருங்கவலை.

துவாஸ் எல்லைப் பாலம் வழியாக வாடகைக் காரில், தள்ளுவண்டியுடன், வார நாளில் சென்று அன்றே திரும்பியவர்கள், வழியிலும் சோதனையிலும் மொத்தம் எத்தனை மணி நேரம் செலவானது என்று சொல்வீர்களா?