முயல் குட்டிக்கு காக்சிடியோசிஸ் தடுப்பூசி இருக்கா? கோழி வேக்சின் கலந்து குடுக்கலாமா?

கேள்வி – குட்டிமுயல்:
வணக்கம், பால் பிரிச்ச குட்டிங்க ஆறேழு வாரம் ஆகும்போது வயிறு உப்பி, புழுக்கை இளகி, ரெண்டு மூணு நாள்ல சாகுது, தாய் முயல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வருஷா வருஷம் வைரஸ் ரத்தக்கசிவு நோய்க்கு ஊசி போட்டுட்டுதான் இருக்கேன், அப்புறம் ஏன் இப்படி? கோழிக்கு தண்ணில கலக்குற காக்சிடியா வேக்சின் இருக்கே, அதையே குடுக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், செய்யலாமா?

பதில் – கூண்டுக்காரன்:
செய்யாதீங்க. காக்சிடியோசிஸ்ங்கிற குடல் நோயை உண்டாக்குற ஒட்டுண்ணி பேரு ஐமீரியா, கோழிக்கு வர்ற ஐமீரியா வேற, முயலுக்கு வர்றது வேற, கோழி வேக்சின் முயலுக்கு எந்த எதிர்ப்பும் தராது. நீங்க போடுற ஊசி வைரஸுக்கு, காக்சிடியோசிஸ் ஒட்டுண்ணியால வர்றது, அதனால அந்த ஊசி இதைத் தடுக்கலைன்னு ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல.

பதில் – வெட்_நண்பன்:
முயல்ல மட்டும் 11 வகை ஐமீரியா இருக்கு, பத்து குடல்ல, ஸ்டைடேங்கிற வகை ஒண்ணு மட்டும் கல்லீரல் பித்தக்குழாய்ல. குடல்ல வர்றதுல மோசமானது இன்டஸ்டினாலிஸ், ஃப்ளேவசென்ஸ்ங்கிற ரெண்டு வகை. ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பு இன்னொண்ணுக்கு உதவாது, வேக்சின் செய்யறது கஷ்டமா இருக்க இதுவும் ஒரு காரணம். ஆராய்ச்சில சீக்கிரம் வளர்ற, வீரியம் குறைஞ்ச ஐமீரியா ரகத்தைப் பிரிச்சு, அதோட முட்டையை குட்டிபோடுற பெட்டிக்குள்ள தெளிச்சு, குட்டிங்க பால் குடிக்கிற வயசுலயே எடுத்துக்கிற மாதிரி செஞ்சு பார்த்தாங்க, எதிர்ப்பு வந்துச்சு. ஆனா கோழி வேக்சின் மாதிரி கடைல எடுத்து வர்ற அளவுக்கு அது பரவலா வரலை.

முதல்ல செத்த குட்டியை போஸ்ட்மார்ட்டம் பண்ணி, உயிரோட இருக்கறதோட புழுக்கையை லேப்ல குடுங்க. பால் பிரிச்ச சமயத்துல கிளாஸ்ட்ரிடியம், ஈ.கோலை மாதிரி பாக்டீரியா கூட இதே மாதிரி வயிறு உப்ப வைக்கும். கல்லீரல்ல வெள்ளை முடிச்சு தெரிஞ்சா ஸ்டைடேன்னு சந்தேகப்படலாம்.

குட்டிமுயல்:
சார் அப்போ என்னதான் பண்றது, மருந்து மட்டும்தானா?

வெட்_நண்பன்:
மருந்து பாதிதான். டோல்ட்ராசுரில்ங்கிற காக்சிடியா மருந்தை தண்ணில ரெண்டு நாள், அஞ்சு நாள் விட்டு மறுபடி ரெண்டு நாள்னு குடுப்பாங்க, அளவை உங்க டாக்டர்தான் எடை பார்த்து சொல்லணும், கறிக்கு விடுறதுக்கு முன்னாடி எத்தனை நாள் நிறுத்தணும்னும் கேட்டுக்கோங்க. அப்புறம் முக்கியம், கோழித்தீவனம் போடாதீங்க, அதுல மோனென்சின், நாராசின் மாதிரி மருந்து இருந்தா முயலே செத்துடும்.

கூண்டுக்காரன்:
சார் சொன்னதோட நான் ஒண்ணு சேர்க்கறேன், கூண்டு அடியை பாருங்க. புதுசா விழுந்த புழுக்கைல இருக்கிற ஒட்டுண்ணி முட்டை உடனே தொத்தாது, சூடும் ஈரமும் கிடைச்சு ரெண்டு மூணு நாள் ஆனாத்தான் வீரியமாகும், அதனால தினமும் அள்ளிட்டா பாதி சண்டை முடிஞ்சுது. பினாயில், பிளீச்சிங் எல்லாம் அந்த முட்டைக்கு பெருசா ஒண்ணும் பண்ணாது, கொதிக்கிற தண்ணியோ நீராவியோ, அப்புறம் நல்லா காயப்போடறதுதான் வழி. புல்லை தரையில போடாம தொட்டில வைங்க, தண்ணி குடிக்கிற நிப்பிள் ஒழுகுதான்னும் பாருங்க, அங்கதான் ஈரம் தேங்கும். பெருசானதையும் குட்டியையும் ஒரே கூண்டுல விடாதீங்க, தாய் நல்லா இருந்தாலும் அது புழுக்கைல ஒட்டுண்ணி முட்டையை வெளிய விட்டுட்டே இருக்கும்.

குட்டிமுயல்:
நிப்பிள் நாலஞ்சு ஒழுகிட்டுதான் இருக்கு அண்ணா, கீழ பலகை எப்பவும் நனைஞ்சே இருக்கும். இன்னைக்கே மாத்தறேன், புழுக்கை சாம்பிளும் குடுக்கறேன், ரிசல்ட் வந்ததும் இங்கயே போடறேன்.