1867: சிங்கப்பூர் வணிகர்கள் கல்கத்தாவை விட்டுப் பிரியத் துடித்தது ஏன்?

கேள்வி

வணக்கம். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் 1867 வரை இந்தியாவிலிருந்து, அதன் அன்றைய தலைநகர் கல்கத்தாவிலிருந்து, ஆளப்பட்டவை என்று அண்மையில்தான் படித்தேன். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று லண்டனின் காலனி அலுவலகத்துக்குக் கைமாறியிருக்கின்றன. இதற்காகப் பத்து வருஷம் மல்லுக்கட்டியவர்கள் சிங்கப்பூர் வணிகர்களாம். துறைமுகத்தில் சுங்கமே கிடையாது, வியாபாரமும் பெருகிக்கொண்டே போனது. பிறகு என்ன குறை அவர்களுக்கு? அங்கிருந்த நம் ஆட்களுக்கு இதில் ஏதாவது பங்கு உண்டா?

பதில் 1

நாணயம்தான் காரணம். கடைவீதியில் ஸ்பானிய, மெக்சிக வெள்ளி டாலர் புழங்கியது. அரசாங்கக் கணக்கோ ரூபாயில். 1855இல் ரூபாயையும் அதன் செப்புச் சில்லறையையும் இங்கே நடைமுறைப்படுத்தக் கல்கத்தா முனைந்தபோது ஊரே எதிர்த்தது. சீனா, ஜாவா, சயாம் எல்லாம் டாலரில் வியாபாரம் செய்யும்போது ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில் 2

நாணயத் தகராறு உண்மை. ஆனால் அதோடு நின்றால் பாதிதான் புரியும். நான் சிங்கப்பூரில் கணக்கு எழுதிப் பிழைத்து ஓய்வு பெற்றவன். எந்த ஊரின் வரலாற்றை எடுத்தாலும் வரவு எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் தேடுவேன்.

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் இந்தத் துறைமுகத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே இறக்குமதிக்கும் வரி இல்லை, ஏற்றுமதிக்கும் வரி இல்லை. சரி, போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் அதிகாரிகளின் சம்பளத்துக்கும் பணம்? குத்தகைதான். அபின், சாராயம் போன்றவற்றைச் சில்லறையாக விற்கும் உரிமையை அரசு ஏலம் விட்டது. சீன முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து அதை எடுத்தார்கள். கச்சா அபின் வந்தது வங்காளத்திலிருந்து. கம்பெனி அரசே கல்கத்தாவில் ஏலம் போட்ட சரக்கு அது. இங்கே அதைக் காய்ச்சிச் சண்டு, அதாவது புகைக்கும் அபின், ஆக்கிக் கடைகளில் விற்றார்கள். சிங்கப்பூரின் வரவில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே குத்தகையிலிருந்து வந்தது. வாங்கிப் புகைத்தவர்களில் பெரும்பாலோர் மிளகுத் தோட்டங்களிலும், தோல் பதனிட உதவும் காம்பியர் செடித் தோட்டங்களிலும் படகுத்துறையிலும் முதுகு ஒடிந்த சீனக் கூலிகள். வணிகர் கட்டாத வரியை அவர்கள் கட்டினார்கள். இதைச் சொல்லாமல் ‘வரியில்லாத் துறைமுகம்’ என்று பெருமை பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது கல்கத்தாவின் பக்கம். 1833இல் சீன வணிகத்தின் ஏகபோக உரிமை போனபிறகு கம்பெனிக்கு இந்த மூன்று ஊர்களும் செலவுக் கணக்கு. கப்பலுக்கோ சரக்குக்கோ ஒரு சிறு கட்டணமாவது போடலாமே என்று அவ்வப்போது கேட்பார்கள். 1830களில் கடற்கொள்ளையை ஒடுக்கும் செலவுக்கென்று அப்படி ஒரு யோசனை வந்தது, ஊர் கொதித்தது. 1837இல் இங்கே வர்த்தக சபை உருவானது இந்தச் சூழலில்தான். 1855இல் ஆளுநராக வந்த பிளண்டெல், துறைமுகக் கட்டணம் நியாயமானதே என்று நினைத்தவர். வணிகர்கள் அவரை மன்னிக்கவே இல்லை.

1857இல் வட இந்தியாவில் கிளர்ச்சி வெடித்தது. ஏற்கெனவே இந்தியக் கைதிகளை இங்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இனிக் கிளர்ச்சிக்காரர்களையும் கப்பலேற்றுவார்களோ என்று ஐரோப்பியர்கள் பயந்தார்கள். அந்த செப்டம்பரில் பொதுக்கூட்டம் கூட்டி, எங்களை இந்தியாவிலிருந்து பிரித்து நேரடியாக முடியாட்சியின் கீழ் வையுங்கள் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு எழுதினார்கள். வணிகர் வில்லியம் ரீட் முன்னணியில் நின்றார். லண்டனில் இவர்களுக்காக வாதாடியவர் சிங்கப்பூரின் பழைய அதிகாரி ஜான் கிராஃபர்ட்.

அப்புறம் ஏன் பத்து வருஷம் இழுத்தது? கணக்கு இடித்தது. பற்றாக்குறையில் ஓடும் ஊரை ஏற்க லண்டன் கருவூலம் தயாராக இல்லை. 1863இல் பத்திரங்களுக்கான முத்திரை வரி வந்தது. வணிகர்கள் அதையும் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் வரவையும் செலவையும் சமன் செய்தது அந்த வரிதான். அவர்கள் கேட்ட கதவைத் திறந்ததும் அதுதான்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. அப்படியானால் ஊர் மக்களுக்குக் குரல் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கையே இல்லையா? நம் ஆட்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள்.

பதில் 2

குரல் வேண்டும் என்றார்கள், தம்பி, ஆனால் தங்கள் குரல். 1867இல் வந்த சட்டமன்றத்தில் பெரும்பான்மை அதிகாரிகளுக்கு. ஆளுநர் நியமித்த சில தனியாருக்கு மட்டும் இடம். ரீட் அதில் அமர்ந்தார். 1869இல் வாம்போவா என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே முதல் சீன உறுப்பினரானார். தமிழர் ஒருவரும் இல்லை. இத்தனைக்கும் 1860இல் எண்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் இந்தியர் மட்டும் ஏறக்குறைய 13,000.

நம் ஆட்கள் இல்லாமல் அந்த வணிகம் ஒரு நாள்கூட நடந்திருக்காது. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றி ஆற்றங்கரைக் கிடங்குக்குக் கொண்டுவர வேண்டும். 1860கள் வரை அந்தப் படகுத் தொழிலில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள்தான் மிகுதி. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில், அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக இருந்த கடைவீடுகளில், செட்டியார்கள் பெட்டி வைத்து வட்டிக்குக் கொடுத்தார்கள். 1859இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டினார்கள். அதற்கு முன்பே, 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை போட்டு, துணிக்கடை வைத்து, கடை தீயில் போனபிறகும் எழுந்து நின்று, மாரியம்மன் கோயிலுக்கு அடித்தளம் போட்டவர்.

கைதிகளை நினைத்தால்தான் எனக்கு மனம் பொறுக்காது. மனு எழுதியவர்கள் அவர்களை ஆபத்து என்றார்கள். சாலைகளைப் போட்டது அவர்கள். மனு எழுதிய நேரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிக்கொண்டிருந்ததும் அவர்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு அது. உள்ளே போனால் சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

பதில் 3

பிரிந்த பிறகு வணிகர்கள் நினைத்தது நடந்ததா? அபின் குத்தகை என்ன ஆனது?

பதில் 2

டாலர் நிலைத்தது, அரசுக் கணக்கும் டாலருக்கு மாறியது. துறைமுகம் வரியின்றித் தொடர்ந்தது. ஆனால் முதல் ஆளுநர் ஹாரி ஆர்டோடு உடனே சண்டை. யாரையும் கலக்காமல் முடிவெடுக்கிறார், செலவு செய்கிறார் என்று குறை. 1868லேயே லண்டனில் சங்கம் வைத்து அவருக்கு எதிராகக் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

குத்தகையில் யாரும் கை வைக்கவில்லை. புது ஆட்சிக்கும் அதுதான் பெரிய வரவு. 1910இல் குத்தகைதாரர்களை விலக்கிவிட்டு அரசே சண்டு காய்ச்சி விற்கத் தொடங்கியது.