பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின்: புது டேங்க் பற்றிச் சந்தேகம்

கோத்தகிரி3பி:
வணக்கம். அப்பாவின் மஹிந்திரா சி.ஜே.3பி ஜீப்பிலிருந்து பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, 2,112 சி.சி. பியூஜோ டீசல் எஞ்சினை வீட்டுக் கொட்டகையிலேயே ஏற்றியிருக்கிறேன். ஆர்.டி.ஓ.விடம் முன் அனுமதி வாங்கிவிட்டேன். இப்போது டேங்கில் வந்து நிற்கிறது வேலை. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்த பழைய டேங்க் துருப்பிடித்து அடிப்பக்கம் பொத்தலாகிவிட்டது. அதே அளவில் ஜி.ஐ. தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்பு) புதிதாகச் செய்து தருகிறேன், துருவே பிடிக்காது என்கிறார் எங்கள் ஊர் டிங்கர். பழையதில் எரிபொருள் வெளியேற ஒரே குழாய்தான். எஞ்சினில் மிஞ்சும் டீசலைத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் லைனை டேங்க் வரை கொண்டுபோகாமல், ஃபில்டருக்கு முன்னால் ஒரு ‘டி’ (மூன்று வாய் இணைப்பு) போட்டு உறிஞ்சு குழாயிலேயே சேர்த்துவிட்டால் போதுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை:
‘டி’ போட்டு ஓடும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஓடத்தான் செய்கின்றன. ஆனாலும் பழைய டேங்கின் பொத்தலை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால் புது டேங்க் செலவே மிச்சம்தானே?

டீசல்பட்டறை:
முதலில் அந்த வெல்டிங் பேச்சை விடுங்கள். பெட்ரோல் இருந்த டேங்க் எத்தனை வருடம் காலியாகக் கிடந்தாலும் மடிப்புகளிலும் துருவுக்குள்ளும் ஆவி தங்கியிருக்கும். சுடர் பட்டால் வெடிக்கும். வீட்டுக் கொட்டகையில் அதை யாரும் தொடக் கூடாது.

தம்பி கோத்தகிரி, ஜி.ஐ. வேண்டவே வேண்டாம். டீசலில் இருக்கும் அமிலங்கள் துத்தநாகப் பூச்சைக் கரைத்துச் சோப்பு போன்ற பசையாக்கிவிடும். அது முதலில் ஃபில்டரை அடைக்கும், பிறகு எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனைக்குப் போகும். சாதாரண இரும்புத் தகடு போதும், உட்புறம் பெயின்ட் கூடாது. செம்புக் குழாயும் டீசலைச் சீக்கிரம் கெடுக்கும். இரும்புக் குழாயே போடுங்கள்.

ரிட்டர்ன் டேங்குக்குத்தான் போக வேண்டும். கார்பரேட்டர் தேவையான பெட்ரோலை மட்டும் எடுத்துக்கொள்ளும். டீசல் பம்பும் இன்ஜெக்டர்களும் மிச்சத்தைச் சூட்டோடும் காற்றுக்குமிழோடும் திருப்பி அனுப்பும். குமிழ் டேங்கில் விழுந்தால் மேலே வந்து கலைந்துவிடும். ‘டி’யில் விட்டால் அதே குமிழ் மறுபடி பம்புக்குள் போகும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது பம்பைக் கழற்றிப் பார்ப்பார்கள், உண்மையான காரணமோ ‘டி’யாக இருக்கும். ரிட்டர்ன் குழாயின் வாய் உறிஞ்சு குழாயிலிருந்து எவ்வளவு தள்ளி முடிகிறதோ அவ்வளவு நல்லது.

உங்கள் ஊர் ஏற்றத்தில் டீசல் முழுதும் டேங்கின் பின்பக்கம் ஒதுங்கும், இறக்கத்தில் முன்பக்கம். அதனால் அடித்தகட்டின் நடுவில் ஒரு சிறு குழி அமைத்து, உறிஞ்சு குழாயை அதற்குள் இறக்கச் சொல்லுங்கள். வாய் குழியின் அடியைத் தொடக் கூடாது, தண்ணீரும் கசடும் தங்க இடம் வேண்டும். அவற்றை வடிக்க அங்கேயே ஒரு திருகு. உள்ளே குறுக்கில் துளைகளுடன் இரண்டு தடுப்புத் தகடுகள் நிறுத்தினால் டீசல் அலையாது. காற்றுத்துளையை மறந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி எஞ்சின் நின்றுவிடும்.

கோத்தகிரி3பி:
மிக்க நன்றி ஐயா. டிங்கரிடம் இரும்புத் தகடு என்று சொல்லிவிட்டேன். எரிபொருள் அளவு காட்டும் பழைய மிதவையையும் முள்ளையும் அப்படியே பயன்படுத்தலாமா? கசிவு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

டீசல்பட்டறை:
இரண்டும் அந்த வண்டியின் ஜோடி என்றால் பயன்படுத்தலாம். புது டேங்கின் ஆழம் மாறினால் மிதவைக் கம்பியை அதற்கேற்ப வளைக்க வேண்டும். டேங்கை ரப்பர் பட்டை வைத்து உட்கார வைப்பதால் எர்த் கிடைக்காமல் முள் ஏறாது. மிதவையிலிருந்து சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) தனியாக ஒரு எர்த் வயர் இழுங்கள். மிதவையின் அடியில் நைட்ரைல் ரப்பர் வாஷர் போடுங்கள். சிலிகான் பசை டீசலில் ஊறிப் பிய்ந்து குழாய்க்குள் போகும்.

கசிவு பார்க்க சைக்கிள் பம்பு போதும். எல்லா வாய்களையும் அடைத்து, மெதுவாகக் கொஞ்சமே காற்று விட்டு, வெல்டிங் ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கம்ப்ரசரை மாட்டினால் தகடு உப்பிவிடும். பிறகு கொஞ்சம் டீசல் ஊற்றி அலசி, உலோகத் தூளெல்லாம் வெளியேறும் வரை வடித்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.

மலைப்பாதை:
வெல்டிங் பற்றிச் சொன்னதற்கு நன்றி ஐயா. என் கொட்டகையிலும் ஒரு பழைய பெட்ரோல் டேங்க் கிடக்கிறது, அதைத் தொடப் போவதில்லை. தம்பி, வேலை முடிந்த 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, ஆர்.சி.யில் எரிபொருளும் எஞ்சின் எண்ணும் மாறியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.