டேப்லெட்டில் வைட்வைன் எல்1 போய் எல்3 ஆகிவிட்டது

வைட்வைன் என்பது ஓடிடி படங்களை நகலெடுக்க விடாமல் காக்கும் பூட்டு; எல்1 என்றால் ஹெச்டி கிடைக்கும், எல்3 என்றால் பெரும்பாலும் 480பி-தான். பேட்டரி உப்பியதால் போன மாதம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கொடுத்தேன். போர்டையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள். 2021 மாடல், 10 அங்குலம், ஆண்ட்ராய்டு 12. அன்றிலிருந்து ஓடிடி படமெல்லாம் 480பி-தான். சப்டைட்டில் பளிச்சென்று இருக்கிறது, முகங்கள்தான் கரைந்து தெரிகின்றன. யூடியூபில் 1080பி சரியாக ஓடுவதால் திரையிலோ வைஃபையிலோ கோளாறு இல்லை. செயலி போட்டுப் பார்த்தால் வைட்வைன் எல்3 என்கிறது, முன்பு எல்1.

கேஷ் அழித்தாயிற்று, அப்டேட், அப்புறம் ஃபேக்டரி ரீசெட்டும் ஆயிற்று. ரூட் செய்யவில்லை, பூட்லோடரும் பூட்டியேதான் இருக்கிறது, அதாவது சிஸ்டத்தில் நான் கை வைக்கவில்லை. கடைக்காரர் "நெட் ஸ்லோ சார்" என்கிறார். சந்தா என்னவோ ஹெச்டிக்குத்தான் கட்டுகிறேன்!

பழைய போர்டில் பதிந்திருந்த எல்1 சாவி (ரகசியக் குறியீடு) அந்தப் போர்டோடு போய்விட்டது என்றே நினைக்கிறேன். சென்னையில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதை மறுபடி ஏற்றி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?