ஆடியில் கரைக்கு வந்த மீன்

அன்பான ஊர் மக்களே,

குமரி மாவட்ட மேற்குக் கரையில் நீரோடிப் பக்கம் கரைமடியில் (கரையிலிருந்து இழுக்கும் வலையில்) திடீரென்று மீன் குவிந்ததாகச் சித்தப்பா மகன் எழுதியதைப் படித்ததும், நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது வந்த ஓர் ஆடி மாதம் நினைவுக்கு வந்தது. முழங்கால் தண்ணீரில் நண்டும் மாந்தல் மீனும் அப்படியே கிடந்தன. கையால் அள்ளினோம். ஒரு நண்டுகூடக் கடிக்கவில்லை. மாந்தலின் செவுள் திறந்து திறந்து மூடியது. தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்தது. "கடலம்மா தந்தது" என்றார் அப்பா.

அவை மூச்சுத் திணறி ஓடிவந்தவை என்பது மஸ்கட் வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

தென்மேற்குப் பருவத்தில் நம் கரையின் மேல்தண்ணீர் வெளியே விலக, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறிவரும். அதில் உரச்சத்து அதிகம், ஆக்சிஜன் குறைவு. அந்தச் சத்தில் நுண்பாசி பெருகும்; சாளை கொழுப்பதும் அதனால்தான். அப்புறம் அந்தப் பாசி செத்து அடியில் அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். மழைத்தண்ணீர் மேலே மூடிபோல மிதப்பதால் காற்றும் கீழே கலக்காது. ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நீந்தத் தெரிந்தவை தப்பி ஓடும். மண்ணுக்குள் இருக்கும் புழுவும் மட்டியும் எங்கே ஓடும்?

இது காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் சாக்கடையும் வயல் உரமும் சேர்ந்தால் அடியில் அழுகுவதற்கு இன்னும் தீனி கிடைக்கிறது. 2008-இல் கணக்கெடுத்தபோதே உலகக் கரைகளில் இப்படி ஆக்சிஜன் தீர்ந்த 'செத்த பகுதிகள்' 400-க்கு மேல் இருந்தன. இங்கே ஓமான் வளைகுடாவில் தானியங்கிக் கருவிகளை ஆழத்துக்கு அனுப்பிப் பார்த்து, ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத பரப்பு ஸ்காட்லாந்தைவிடப் பெரியது என்று 2018-இல் சொன்னார்கள். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சூரைக்கும் சுறாவுக்கும் தூண்டில் போட நம் ஆட்கள் போவதும் இதே அரபிக்கடல்தானே.

ஆனால் மீளவும் முடியும்: இப்படிச் செத்துக் கிடந்த கருங்கடலின் வடமேற்குக் கரையோரம் ஓரளவு மீண்டு வந்திருக்கிறது. சோவியத் உடைந்து வயலுக்கு உரம் போடுவது குறைந்ததும், 1990-களில் அங்கே செத்த பகுதி சுருங்கியது.

அதனால் கேட்கிறேன். நம் ஊர்ச் சங்கப் பணத்தில் இந்த வருடம் ஊருக்கு நுழைவு வளைவு வேண்டாம். ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாயில் கழிவுக் குழாய் விழும் நம் வீடுகளுக்குச் செப்டிக் டேங்க் கட்டலாம். ஊரில் இருக்கும் தம்பிமார் யாராவது அந்தக் குழாய்களை எண்ணி எழுதுங்கள். முதல் இரண்டு டேங்குக்கான பணம் நான் அனுப்புகிறேன்.